முதல் ஆராதனையை நிறுத்திய சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயாவுக்கும், சேகரக் கமிட்டியில் உள்ள சகோதர சகோதரிகளுக்கும்,

போன மாதம் கடைசி ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில் செயலர் எழுந்து ஒரு தீர்மானம் வாசித்தார். காலை 6 மணி முதல் ஆராதனை இனிமேல் இல்லை. எல்லாரும் 9.30 மணி ஆராதனைக்கு மாடி ஹாலுக்கு வர வேண்டும். வர முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தபடியே யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். படுக்கையில் இருப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து கொடுத்துக்கொண்டிருந்த திருவிருந்து, அதாவது ஆயர் ஆசீர்வதித்துக் கொடுக்கிற அப்பமும் திராட்சை ரசமும், இனி கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும். வாசித்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அடுத்த அறிவிப்பு வாலிபர் முகாமைப் பற்றியது. என் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு 81 வயது, காது சரியாகக் கேட்காது. "என்ன டீச்சர் சொன்னாரு?" என்று கேட்டார்கள். எனக்கு உடனே வாய் வரவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டிய பிறகுதான் சொன்னேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை, கைப்பையைத் திறந்து அடுத்த மாதக் காணிக்கைக் கவரை எடுத்துப் பார்த்தார்கள், மறுபடி உள்ளே வைத்து மூடினார்கள்.

இந்தத் தீர்மானத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆயர் ஐயாவிடம் நேரில் சொன்னேன், செயலரிடம் எழுதியும் கொடுத்தேன். "கமிட்டி முடிவு பண்ணிருச்சு டீச்சர், நீங்க வீட்ல இருந்தே பாருங்க, உங்களுக்கும் அலைச்சல் இல்லல்ல" என்று அன்பாகத்தான் பதில் வந்தது. அந்த அன்பை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்களுக்காக எடுத்த முடிவு இது, அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். சபையின் பெயரையோ யாருடைய பெயரையோ எழுதவில்லை, ஒருவரையும் நாலு பேர் முன் நிறுத்துவது என் நோக்கமில்லை. உங்களில் மூன்று பேர் என்னிடம் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்தவர்கள். அந்த உரிமையில் கொஞ்சம் கடுமையாக எழுதினாலும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

மாற்றம் பிடிக்காதவர்கள் என்று எங்களைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது 1947. தென்னிந்தியாவில் தனித்தனியாக இருந்த சபைகள் சேர்ந்து ஒரே திருச்சபையானதும் அதே வருஷம் செப்டம்பர் 27-ந் தேதிதான். அப்பா அதற்கு முன்பே உபதேசியார், ஆயருக்குக் கீழே கிராமத்துச் சபைகளைப் பார்த்துக்கொள்பவர். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் போட்ட பாதையில் நடந்தவர், உசிலம்பட்டிக்கு மேற்கே சின்னச் சின்ன ஊர்களில் இருந்தார். எங்கள் ஜெபவீட்டுக்கு மணி கிடையாது. வேப்பங்கிளையில் ரயில் தண்டவாளத் துண்டு ஒன்று கம்பியில் தொங்கும், அதை அப்பா ஒரு இரும்புக் கட்டையால் அடிப்பார், காட்டில் களை எடுக்கிறவர்களுக்கும் கேட்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில் உட்காருவோம். அம்மா உலையில் போடுவதற்கு அரிசியோ குதிரைவாலியோ அளந்து எடுத்தால், அதிலிருந்து ஒரு கைப்பிடியை அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மண்கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவார்கள். அது கோயிலுக்கு. மாதக் கடைசியில் ஊரில் எல்லா வீட்டுக் கலயமும் பீடத்துக்கு முன்னால் வந்து சேரும். எனக்கு ஆறு வயதிருக்கும், மழையே இல்லாத வருஷம், பசியில் "இன்னைக்கு மட்டும் போடாதம்மா" என்று அழுதேன். அம்மா திட்டவில்லை. என் கையை விரித்து, அந்தப் பிடியை என் கையில் வைத்து, என்னையே போடச் சொன்னார்கள். கலயத்தின் அடியில் அரிசி விழுந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

அங்கிருந்து நான் எவ்வளவோ தூரம் வந்துவிட்டேன். மதுரையில் மிஷன் போர்டிங்கில் படித்து, 1968-ல் ஆசிரியையாகி, 2005-ல் ஓய்வு பெற்றேன். தண்டவாளத் துண்டு போய் மணி வந்தது, அப்புறம் ஒலிபெருக்கி. பாய் போய் பெஞ்சு வந்தது, ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்தோம், அதற்கும் அன்றைக்கு எத்தனையோ பேச்சு. 1976-ல் தென்னிந்தியத் திருச்சபையில் முதன்முதலாக ஒரு பெண் குருவானவரானபோது எனக்கு 29 வயது, எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்திலேயே பாதிப் பேர் "இது அடுக்குமா" என்றார்கள், நான் கைதட்டினேன். 2013-ல் ஒரு பெண் பேராயரானபோது அந்தச் செய்தியை வெட்டி வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன், இன்னும் இருக்கிறது. காணிக்கைக்குக் கியூஆர் கோடு ஒட்டியபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது உண்மை. பேரன் சொல்லிக்கொடுத்தான், கற்றுக்கொண்டேன். நீங்கள் இப்போது எல்லாரையும் ஏறி வரச் சொல்கிற அதே மாடி ஹாலுக்கு என் இரண்டு மாதப் பென்ஷன் போயிருக்கிறது, பாதி அந்தக் கோடு வழியாகத்தான்.

மதுரைக் கிறிஸ்தவர்களுக்கு மாற்றம் புதிதும் இல்லை. 1606-ல் இங்கே வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தினார், மாமிசத்தை விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார், தத்துவ போதகர் என்று பெயர் வாங்கினார். அவருடைய ஆட்களே அதை எதிர்த்தார்கள், விவகாரம் ரோமாபுரி வரை போய் 1623-ல்தான் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அவருடைய வழியில் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை, சாதி விஷயத்தில் அவர் செய்ததை என் அப்பா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அவர் தன் உடையையும் சாப்பாட்டையும் மாற்றிக்கொண்டது இந்த ஊர் மக்களுக்குப் பக்கத்தில் போய் உட்காருவதற்காக. நீங்கள் கொண்டுவந்திருக்கிற மாற்றம் இருக்கிற எங்களைத் தூரத்தில் உட்கார வைக்கிறது. நான் எதிர்ப்பது இதை மட்டும்தான்.

யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்கள் அல்லவா, அது எப்படி இருக்கிறது என்று நான் பார்த்ததை எழுதுகிறேன்.

என் தோழி ஒருவர், 83 வயது, ஆஸ்பத்திரியில் 34 வருஷம் நர்ஸாக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆரப்பாளையத்தில் மகன் வீட்டில் முதல் மாடியில் இருக்கிறார், கீழே இறங்கி ஐந்து மாதம் ஆகிறது. தீர்மானம் வாசித்த அடுத்த ஞாயிறு, அது திருவிருந்து ஞாயிறு, அவரோடு இருக்கலாம் என்று போயிருந்தேன். குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, முக்காடு போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஸ்டூல், அதில் போன், போன் சாய்ந்துவிடாமல் இருக்கப் பின்னால் சாம்பார்பொடி டப்பா. பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு, அதன்மேல் இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டை. விலக்கிப் பார்த்தால் பாதித் துண்டு ரொட்டியும், மருந்து குடிக்கிற சின்னக் கிளாஸில் கொஞ்சம் திராட்சைச் சாறும் இருந்தன. மருமகளிடம் சொல்லி ராத்திரியே வாங்கி வைத்திருக்கிறார்.

பாவ அறிக்கை ஜெபம் தொடங்கியது. அவர் கண்ணை மூடிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார், நானும் கூடவே சொன்னேன். பாதியில் போன் பாட ஆரம்பித்தது. வீட்டுமனை விளம்பரம், தவணை முறையில் பிளாட்டு. அவருக்கு விரல் நடுங்கும், அந்தச் சின்னக் கட்டத்தில் சரியாக அழுத்த வரவில்லை, இரண்டு தடவை அழுத்தினதில் வேறு எதுவோ திறந்துகொண்டது. நானும் கண்ணாடியைத் தேடி மாட்டி, மறுபடி ஆராதனையைப் பிடிப்பதற்குள் அப்பத்தை ஆசீர்வதித்தாகிவிட்டது, ஜனங்கள் வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள், பாட்டு நடந்தது. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நானே எடுத்து நானே வாயில போட்டுக்கிட்டா அது திருவிருந்தா டீச்சர்? உனக்காகன்னு சொல்லி ஒருத்தர் கையில வைக்கணும்ல?" என்று கேட்டார். 34 வருஷம் எத்தனை பேருக்கு மாத்திரையைக் கையில் வைத்து, தண்ணீரைப் பிடித்துக் குடிக்க வைத்திருப்பார், அவர் கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை. நான் குருவானவர் இல்லை. தட்டை மூடி வைத்துவிட்டு இரண்டு பேரும் பரமண்டல ஜெபம் சொன்னோம்.

ஆயர் ஐயா, அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அவருடைய வீட்டுக்கும் கோயிலுக்கும் காரில் பதினைந்து நிமிஷம்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். 1974-ல் என் அப்பா படுக்கையில் இருந்தார், ஐப்பசி மழை, ஓடை நிறைந்து ஓடியது. அன்றைக்கு எங்கள் ஆயருக்கு இருந்தது ஒரு சைக்கிள், பார்க்க வேண்டிய ஊர்கள் ஒன்பது. ஓடை வரைக்கும் சைக்கிளில் வந்து, அதை அங்கே ஒரு வீட்டில் போட்டுவிட்டு, அங்கியைச் சுருட்டித் தலையில் கட்டிக்கொண்டு, திருவிருந்துப் பாத்திரம் இருந்த மரப்பெட்டியைத் தோளில் வைத்து இறங்கி வந்தார். முழங்கால் வரை சேறு. அம்மா கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். அப்பாவுக்கு விழுங்க முடியாது, திராட்சை ரசத்தில் நனைத்த ஒரு அப்பத் துணுக்கை ஆயர் நாக்கில் வைத்தார். நாற்பது வருஷம் மற்றவர்களுக்காக மணி அடித்தவர் அப்பா. தனக்காக ஒருவர் சேற்றில் நடந்து வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த ஆயர் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வாக்கியம்கூட ஞாபகமில்லை. அந்தச் சேற்றுக்கால்கள் ஞாபகம் இருக்கின்றன.

இப்போது நான் வெளியே சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் உங்கள் தீர்மானத்துக்குப் பின்னால் ஒரு நினைப்பு இருக்கிறது, அது தவறு. வயதானவர்கள் விசுவாசத்தில் ஊறினவர்கள், அவர்களுக்கு எதுவும் ஆகாது, இளைஞர்கள்தான் வழுவிப்போவார்கள், அதனால் நேரமும் பணமும் அங்கே போகட்டும் என்று நினைக்கிறீர்கள். வங்கியில் போட்ட டெபாசிட் மாதிரி எங்கள் விசுவாசம் ஒரு இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை.

2021 மே மாதம் என் கணவர் கொரோனாவில் இறந்தார். அவர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர், 48 வருஷம் கூட வாழ்ந்தோம். முந்தின வருஷம் மார்ச்சில் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நம் மதுரையில்தான் நடந்தது, அப்போதே "நாம ஜாக்கிரதையா இருக்கணும்" என்று வீட்டு வாசலில் சோப்பும் வாளியும் வைத்தவர் அவர். ஆஸ்பத்திரியில் கடைசி நாலு நாள் முகம் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எண்ணி ஒன்பது பேர் நின்றோம், கோயில் பூட்டியிருந்தது, பாட்டு கிடையாது. வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தேன். எழுத்து தெரிந்தது, ஒன்றும் உள்ளே போகவில்லை. ஜெபிக்க முழங்காலில் நின்றால் வார்த்தை வராது, அப்புறம் முழங்காலில் நிற்பதையே விட்டுவிட்டேன். உபதேசியார் மகள், 37 வருஷம் டீச்சர், எத்தனை பிள்ளைகளுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவள், ஏழு மாதம் ஜெபிக்கவில்லை. கடவுள் இருக்கிறாரா என்றுகூட நினைத்தேன். மகன் வெளிநாட்டில் இருந்து போன் பண்ணி "ஜெபம் பண்ணிக்கம்மா" என்பான், சரி என்பேன். யாரிடமும் சொல்லவில்லை, 74 வயதில் போய் இதை யாரிடம் சொல்வது? கோயில் திறந்த பிறகும் நான் போகவில்லை, மூட்டு வலி என்று சொல்லிவிட்டேன். அந்த நாட்களிலும் யூடியூபில் ஆராதனை வந்துகொண்டுதான் இருந்தது, மகன் லிங்க் அனுப்புவான், போட்டுவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். என் போன் ஆராதனை பார்த்தது.

டிசம்பரில் ஒருநாள் அதிகாலை கதவைத் தட்டினார்கள். முதல் ஆராதனைக்கு வருகிற பெண்கள் இரண்டு பேர், ஒருவர் மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்பவர், இன்னொருவர் நான் மேலே சொன்ன நர்ஸ், அப்போது நன்றாக நடப்பார். "வாங்க, பஸ் வந்திரும்" என்றார்கள், வேறு எதுவும் கேட்கவில்லை. போனேன். ஜன்னலோரம் அஞ்சாவது பெஞ்சு. பாமாலை பாடினார்கள், நான் வாய் திறக்கவில்லை. விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள், நான் சொல்லவில்லை. பூக்கார அம்மா என் பக்கம் திரும்பாமலே, தன் கையை என் கைமேல் வைத்து, எனக்கும் சேர்த்துச் சொல்வதுபோல மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள். அவர்கள் விரலில் நார் வாசமும் மல்லிகை வாசமும் இருந்தன. இப்படியே நாலைந்து ஞாயிறு. அப்புறம் ஒரு ஞாயிறு எனக்கே தெரியாமல் என் வாயில் பாட்டு வந்தது.

திமிர்வாதக்காரனை நாலு பேர் படுக்கையோடு தூக்கி வந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து இறக்கின கதையை நான் எத்தனையோ வருஷம் ஞாயிறு பள்ளியில் சொல்லியிருக்கிறேன். இயேசு பார்த்தது தூக்கி வந்தவர்களுடைய விசுவாசத்தை என்று மாற்கு எழுதியிருக்கிறார். அது எனக்கு 74 வயதில்தான் புரிந்தது. என்னை அந்த ஏழு மாதத்திலிருந்து தூக்கி வந்தது காலை 6 மணிக்கு வருகிற சில பெண்களுடைய விசுவாசம். வீட்டிலேயே பார்த்துக்கொள் என்று அன்றைக்கு அவர்களும் சொல்லியிருந்தால் நான் இன்று எங்கே இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன், வயதான காலத்தில்தான் சந்தேகம் வருகிறது, துணையைப் புதைத்த பிறகு, காது போன பிறகு, ராத்திரி தூக்கம் வராமல் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது. நாங்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சரி, உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். முதல் ஆராதனைக்குக் கூட்டம் இல்லை என்கிறீர்கள். நான் எண்ணி வந்திருக்கிறேன், முப்பதுக்குக் குறைந்ததில்லை. அதில் எங்களைப் போன்றவர்கள் மட்டும் இல்லை, ராத்திரி டூட்டி முடித்து நேரே வருகிற நர்ஸ் பெண்கள், ஏடிஎம் வாட்ச்மேன் ஒருவர், கடை திறக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் நீங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு ஏன் 6 மணி என்றால், சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது, சித்திரை வெயிலில் பதினொன்றரைக்கு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்க முடியாது. அந்த நேரத்துக்கு டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது, ஆட்டோவுக்குப் போகவர முன்னூறு ரூபாய் கொடுக்கிற நிலையில் எல்லாரும் இல்லை. முதியோர் பென்ஷன் 1,200 ரூபாயில் மாதத்தை ஓட்டுகிறவர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். மாடிக்கு 26 படி, பிடித்து ஏற ஒரு பக்கம்தான் கம்பி. டிரம்ஸைப் பற்றிக் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் சந்தோஷமாகப் பாடட்டும், ஆனால் காதுக் கருவி போட்டவர்களுக்கு அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடும், பிரசங்கம் ஒரு சொல்கூட நிற்காது, கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்கள் மேடையிலிருந்து பார்த்திருப்பீர்கள்.

ஆயர் ஒருவர், கிளைச் சபைகள் மூன்று, அவருக்கும் உடம்பு இருக்கிறது என்று பொருளாளர் சொன்னார். இந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஞாயிறு மத்தியானம் அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அதற்கு வழி கண்டுபிடித்த சபை ஒன்று வேதத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேம் சபையில் எழுந்த முறுமுறுப்பு வயதான, ஆதரவில்லாத விதவைகளைப் பற்றியது, அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகளை விட்டுவிட்டார்கள் என்று. அப்போஸ்தலர்கள் அந்த விதவைகளிடம் நீங்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. எங்களால் எல்லாவற்றையும் செய்ய முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்துகொண்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். நம் சபையில் ஓய்வுபெற்ற ஆயர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அரசரடியில் இறையியல் கல்லூரி இருக்கிறது, மூப்பர்கள் இருக்கிறார்கள், பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கிறது. ஒருவரிடமாவது கேட்டீர்களா? நான் விசாரித்தவரை கேட்கவில்லை.

இன்னொன்று. எருசலேம் தேவாலயத்தில் அன்னாள் என்று ஒரு தீர்க்கதரிசி இருந்தாள், விதவை, எண்பத்துநாலு வயது என்று லூக்கா கணக்குச் சொல்கிறார், இரவும் பகலும் ஆலயத்தை விட்டு நீங்காதவள். குழந்தை இயேசுவைக் கொண்டுவந்த நேரத்தில் அவள் அங்கே இருந்தாள், அதனால்தான் பார்த்தாள், பார்த்ததை மற்றவர்களுக்குச் சொன்னாள். எங்களுக்குக் கொடுப்பதற்கு இன்னும் இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதல் ஆராதனை முடிந்ததும் நாங்கள் பத்துப் பேர் கால் மணி நேரம் உட்கார்ந்து, ஒரு நோட்டில் பெயர் எழுதி ஜெபிப்போம். வேலைக்கு அலைகிற பையன்கள், குழந்தைக்காகக் காத்திருக்கிற பெண்கள், கடனில் இருப்பவர்கள் என்று அந்த நோட்டில் நிறையப் பெயர் இருக்கிறது. கமிட்டியில் உள்ள உங்கள் எல்லார் பெயரும் இருக்கிறது, உங்கள் பிள்ளைகள் பெயரும். அரவிந்த் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் முடிந்து எனக்குக் கண்ணில் பச்சைத் துணி போட்டிருந்த வாரத்தில்கூட மற்றவர்கள் வாசிக்க நான் கேட்டு ஜெபித்தேன். அந்த நோட்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது. கூடுவதற்கு இடமில்லை.

என் கோரிக்கைகளை எழுதிவிடுகிறேன்.

காலை 6 மணி ஆராதனையைத் திரும்பத் தொடங்குங்கள். எல்லா ஞாயிறும் முடியாது என்றால் மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறுமாவது கீழே, பழைய ஆலயத்தில், நாற்பத்தைந்து நிமிஷம் போதும். ஆயர் வர முடியாத ஞாயிறு மூப்பர் நடத்தட்டும், பிரசங்கம் வேண்டாம், வேத வாசிப்பும் பாட்டும் ஜெபமும் இருந்தால் போதும். மின்விளக்குச் செலவுதான் பிரச்சினை என்றால் அதை நாங்கள் ஏற்கிறோம், இதை நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

வீட்டுத் திருவிருந்து மாதம் ஒருமுறை கட்டாயம் நடக்க வேண்டும். எங்கள் கணக்கில் நடக்க முடியாதவர்கள் 17 பேர், தெருவாரியாகப் பட்டியல் எழுதி இந்த மடலின் நகலோடு செயலரிடம் கொடுத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆயர்களிடம் பேசிப் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கு ஒரு மாதத்தில் ஆறு வீடுதான் வரும். எந்த நாள் எந்த வீடு என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்கள் அதற்காகக் குளித்துக் காத்திருப்பார்கள். பட்டியலில் முதலில் இருப்பது ஆரப்பாளையம் வீடு, அங்கே இந்த வாரமே போக வேண்டும்.

ஒரு வருஷம் சந்தா கட்டாதவர்கள் பெயரைச் சபைத் தேர்தல் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கப்போவதாகப் பேச்சு இருக்கிறது. 70 வயதைத் தாண்டியவர்கள் யார் பெயரையும் அந்தக் காரணத்துக்காக எடுக்கக் கூடாது. கட்ட முடியாதவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், அவர்களும் ஒரு காலத்தில் கலயத்தில் அரிசி போட்டவர்கள்தான்.

மாடிப்படிக்கு இன்னொரு பக்கமும் கைப்பிடிக் கம்பி போடுங்கள், பண்டிகை நாட்களிலாவது நாங்கள் ஏறி வர வேண்டும். கமிட்டியில் 70 வயதுக்கு மேற்பட்ட இரண்டு பேருக்கு இடம் கொடுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எங்களைப் பற்றிய முடிவை இனி எங்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

இதற்கு அடுத்த கமிட்டிக் கூட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அந்தப் பதிலை வாட்ஸ்அப்பில் போட்டால் மட்டும் போதாது, கோயில் அறிவிப்புப் பலகையிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், எங்களில் பலரிடம் போன் இல்லை.

வருகிற மாதம் முதல் ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு நாங்கள் வழக்கம்போல வாசலில் இருப்போம். நோட்டையும் பாமாலைப் புத்தகத்தையும் எடுத்து வருகிறேன். பழைய ஆலயத்தின் சாவியைச் சனிக்கிழமை ராத்திரியே ஆலயப் பணியாளரிடம் கொடுத்து வையுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள்,
ஓய்வுபெற்ற ஆசிரியை, முதல் ஆராதனை, ஜன்னலோரம் அஞ்சாவது பெஞ்சு
மதுரை